பேப்பரில் வராத பைப்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. வீட்டு கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பட்டணத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையை மேற்பார்ப்பவராக, இருந்தவர். ரப்பர் பால் வெட்டிய காலத்தில் பால் பிடிக்கும் மங்கு கழுவும் பையனாக உள்ளே போய், செம்பனைக் காலத்தில் மண்டோராகி, வேலை ஓய்ந்த பிறகும் அதே லயத்து வீட்டிலேயே, தோட்டத்து வரிசை வீட்டிலேயே, இருப்பவர். 74 வயது. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், மழையில் நனையாமல் இருக்க அதன் மேல் இன்னொரு பை. உள்ளே வாங்க மாமா என்றேன். வாசலிலேயே நின்று கேட்டார்: “தம்பி, அன்னிக்கு எலெக்ஷன் நேரத்துல கோயிலு முன்னாடி அவரு பேசுனாருல்ல, பைப்பு போட்டுத் தர்றேன்னு. நீங்ககூட கேமராவோட நின்னீங்க. அது பேப்பர்ல வந்திருக்குமே. அந்த கட்டிங் ஒண்ணு வேணும்.”

ஃபைலைத் திறந்து காட்டினார். தோட்ட ஆபீசுக்கு எழுதிய கடிதம், மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியது, ஒய்பியின் (தொகுதி உறுப்பினரின்) சேவை மையத்துக்கு எழுதியது, எல்லாவற்றுக்கும் ஃபோட்டோஸ்டெட். சேவை மையத்தில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டதாம். எந்தத் தேதியில் சொன்னார், என்ன சொன்னார், ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று. “ஆதாரம்னா பேப்பர்தானே” என்று பெரியவர் நேராக என்னிடம் வந்துவிட்டார்.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். எழுதிய செய்திகளை வெட்டி ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கும் பழக்கம் உண்டு. தேடி எடுத்தேன். 2022 நவம்பர் 13, ஞாயிறு பதிப்பு. நான்கு பத்தி, ஒரு படம். படத்தில் வேட்பாளர் கழுத்தில் சாமந்தி மாலை. செய்தியை அப்படியே தருகிறேன்: “தோட்ட மக்கள் எதிர்நோக்கும் அடிப்படைப் பிரச்சினைகளுக்கு உரிய தீர்வு காணப்படும் என வேட்பாளர் உறுதியளித்தார். ஆலய வளாகத்தில் நடைபெற்ற சந்திப்பு நிகழ்வில் சுற்றுவட்டார மக்கள் திரளாகக் கலந்துகொண்டனர். முன்னதாக வேட்பாளருக்கு மாலை, பொன்னாடை அணிவித்துச் சிறப்புச் செய்யப்பட்டது.” மற்றதெல்லாம் வந்திருந்த கிளைத் தலைவர்களின் பெயர்கள்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இதுல பைப்பு இல்லையே தம்பி.”

அவர் போன பிறகு நான் சாப்பிடக்கூட உட்காரவில்லை. அந்தச் செய்தியில் ஒரு பொய்கூடக் கிடையாது. மாலை போட்டது உண்மை, கூட்டம் வந்தது உண்மை, உறுதியளித்ததும் உண்மை. ஆனால் அந்த நான்கு பத்தியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் யாரிடம் போய் எதைக் கேட்க முடியும்? இதை என்னிடம் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். செய்தி எழுதியதற்கு முதல் நாளே சொன்னார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

டீச்சர் போட்ட சிவப்பு வட்டம்

2022 தேர்தலில் பேராக்கில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் ஓட்டு. தீபாவளி அக்டோபர் 24-ல் முடிந்திருந்தது. வாழ்த்துப் பதாகைகளை இறக்குவதற்குள் அவற்றுக்கு மேலேயே கட்சிக் கொடிகள் ஏறின. நவம்பர் 5 வேட்புமனு, 19 வாக்களிப்பு. நடுவில் பதினான்கு நாள். எங்கள் பக்கத்துச் சட்டமன்றத் தொகுதி ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் சுயேச்சையாக நின்றார். தன் பெயரையும் தொகுதியையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெயர் சொல்லித் தெரிய வேண்டியவரும் இல்லை, ஊருக்கே அவர் டீச்சர்தான். வைப்புத்தொகை 5,000 வெள்ளியை (ரிங்கிட்) ஓய்வூதியப் பணத்திலிருந்து கட்டினார். பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 100,000 வெள்ளி வரை செலவு செய்யலாம் என்கிறது சட்டம். டீச்சரிடம் இருந்தது அக்கா மகனின் வீவா கார், கூரையில் கட்டிய ஓர் ஒலிபெருக்கி, ஆயிரம் நோட்டீஸ்.

வேட்புமனு நாளன்று மண்டபத்து வாசலில் நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்ட கேள்விகள் மூன்று. எந்தக் கட்சி சீட் தரவில்லை? யாருடைய ஓட்டைப் பிரிக்க நிற்கிறீர்கள்? வைப்புத்தொகையாவது திரும்பக் கிடைக்குமா? இதில் இரண்டாவது கேள்வி நான் கேட்டது. அடுத்த நாள் நான் அனுப்பிய செய்திக்குத் தலைப்பு: “சுயேச்சை களத்தில்: வாக்குகள் சிதறுமா?” அவர் எதற்காக நிற்கிறார் என்று அந்தச் செய்தியில் ஒரு வார்த்தை கிடையாது.

நவம்பர் 10, வியாழக்கிழமை காலை, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்து எதிரே உட்கார்ந்தார். தோள்பையிலிருந்து பேப்பர் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். 6-ஆம் தேதியிலிருந்து அன்று வரைக்கும் ஐந்து நாள் பேப்பர். தேர்தல் பக்கங்களை மட்டும் பிரித்து, மாணவர் நோட்டைத் திருத்துவது மாதிரி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். “என்ன வட்டம் டீச்சர்?” என்றேன். எங்கள் மாவட்டச் செய்திகளில் ஓட்டுப் போடும் சாதாரண மனிதர் ஒருவர் வாய் திறந்து பேசுகிற வாக்கியத்துக்கு மட்டும் வட்டமாம். ஐந்து நாளில் மொத்தம் இரண்டு வட்டம். அதில் ஒன்றை அவரே குறுக்கே அடித்திருந்தார். “நிச்சயம் வெற்றி பெறுவார்” என்று சொன்னவர் கிளைச் செயலாளர், அது சேராது என்றார். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: “வேட்பாளரை நேரில் கண்டதில் மகிழ்ச்சி என்றார் இல்லத்தரசி ஒருவர்.”

“என்னைப் பத்தி வரலைன்னு நான் சண்டைக்கு வரல தம்பி” என்றார். “நான் முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்துனவ. கேள்வி நம்பர் போடாம பதிலை மட்டும் எழுதி வெச்சா அது எந்தக் கேள்விக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? மார்க் போட மாட்டேன். நீங்க எல்லாரும் அதைத்தான் பண்றீங்க. அவங்க சொல்ற பதிலை எழுதுறீங்க. சனம் என்ன கேட்டுச்சுன்னு ஒருத்தரும் எழுதுறதில்ல.”

நான் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே சமாதானம் சொன்னேன். இடம் இல்லை டீச்சர், நான்கு பத்திக்கு மேல் அனுப்பினால் வெட்டிவிடுவார்கள் என்றேன். “நாலு பத்தி தாராளம். மாலைக்கு ஒரு வரி குடுங்க, மிச்சத்தை லயத்துக்குக் குடுங்க” என்றார். எழுந்து போகும்போது என் ரொட்டிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எல்லா வேட்பாளரும் பத்திரிகையைத் திட்டுவார்கள். அந்தக் கணக்கில்தான் டீச்சரையும் சேர்த்தேன். எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் திட்டியதற்கு இந்த நாட்டில் நியாயம் இருந்தது. 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி பத்திரிகைகள் 2012 வரை வருஷா வருஷம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987-ல் எதிர்க்கட்சிக்காரர்களையும் மற்றவர்களையும் கூட்டமாகக் கைது செய்த லாலாங் நடவடிக்கையின்போது மூன்று பத்திரிகைகளை ஒரே வீச்சில் நிறுத்தினார்கள். பெரிய நாளிதழ்களின் பங்குகள் ஆளுங்கட்சிகளின் கையில் இருந்தன. 1924-ல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழுக்கும், ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) நீண்டகாலத் தலைவராக இருந்த சாமிவேலுவின் குடும்பத்துக்கும் இருந்த தொடர்பு நம் எல்லோருக்கும் தெரியும். யார் பக்கம் சாய்கிறார்கள், யார் படம் பெரிது, யார் பெயர் முதல் பக்கத்தில் என்பதுதான் இத்தனை வருஷமும் நாம் போட்ட சண்டை. டீச்சர் சொன்னது வேறு. நாளைக்கே எல்லாக் கட்சிக்கும் அங்குலம் பிசகாமல் சமமாக இடம் கொடுத்தாலும் அவர் சொன்ன குறை அப்படியே இருக்கும். எல்லோருடைய மாலையும் ஒரே அளவில் அச்சாகும், அவ்வளவுதான். இது எனக்குப் புரிய வருஷங்கள் ஆகியிருக்கின்றன.

2008 மார்ச் 8 இரவு ஞாபகத்துக்கு வருகிறது. சுங்கை சிப்புட் தொகுதியில் 1974 முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலு, 1,821 வாக்கு வித்தியாசத்தில் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்றார் என்று செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் அப்பா நம்பவே இல்லை. ரேடியோ தப்பாகச் சொல்கிறது என்றார். அவர் நாள் தவறாமல் பேப்பர் படிக்கிறவர். அத்தனை நாள் படித்ததில் கூட்டமும் மாலையும் மண்டபத் திறப்பும் இருந்தன. அங்கே தோட்டம் தோட்டமாகப் போய் ஒரு டாக்டர் வருஷக்கணக்காக மக்களோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் மக்கள் என்னென்ன கேட்டார்கள் என்பது அப்பாவின் பேப்பரில் இல்லை. இருந்திருந்தால் அந்த இரவு அவருக்கு அவ்வளவு ஆச்சரியமாக இருந்திருக்காது.

போத்தலின் அடியில்

டீச்சர் பேசியதற்கு மறுநாள் மாலைதான் அந்தக் கோயில் சந்திப்பு. பெரிய கூட்டணி ஒன்றின் வேட்பாளர் வந்தார். நான்கு வண்டி, முன்னால் மோட்டார் சைக்கிள்கள். வந்ததும் மாலை, பொன்னாடை, சாமி கும்பிடுதல், பேச்சு. பேச்சு முடிந்து எல்லோரும் மீகூன் தட்டை எடுக்கப் போகும் நேரத்தில் ஒரு பெண் முன்னால் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தல். அதில் அன்று விடிகாலை நாலு மணிக்குக் குழாயில் பிடித்த தண்ணீர். ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுவந்திருந்தார். மேலே தெளிந்திருந்தது. அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குச் செங்காவி நிறத்தில் துரு. வேட்பாளர் வாங்கி ட்யூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். லேசாகச் சாய்த்ததும் துரு கலங்கி, போத்தல் முழுக்க தேத்தண்ணி நிறமானது. கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

அந்தப் பெண் கேட்ட கேள்வியை நான் நோட்டில் எழுதியிருக்கிறேன். அதில் மூன்று படி இருந்தது. தோட்டத்து வாசலில் இருக்கும் பெரிய மீட்டர் வரைக்கும்தான் தண்ணீர் இலாகாவின் பொறுப்பு, அதற்கு உள்ளே ஓடும் பைப் கம்பெனியுடையது. கம்பெனியிடம் கேட்டால், லயத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் இப்போது எங்கள் தொழிலாளர்களே இல்லை, வேலை ஓய்ந்தவர்களும் வெளியே வேலைக்குப் போகிறவர்களும் என்கிறது. நகராண்மையிடம் கேட்டால் அது தனியார் நிலம், நாங்கள் கை வைக்க முடியாது என்கிறது. “அப்ப யாரு கையால இந்தப் பைப்ப மாத்துவீங்க? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தோட்டத் தொழிலாளியின் வீட்டையும் தண்ணீரையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. ஆனால் தொழிலாளி என்ற பெயர் போனதும் அந்தச் சட்டத்தின் நிழலும் போய்விடுகிறது, வீடு மட்டும் அங்கேயே நிற்கிறது. சாலை, விளக்கு, சாக்கடை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல, தனியார் நிலத்தில் நிற்கும் காரணத்தாலேயே முழு அரசாங்கப் பள்ளியாக முடியாமல் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருக்கின்றன. டீச்சர் அப்படி ஒரு பள்ளியில் முப்பது வருஷம் இருந்தவர், கூரை ஒழுகினால் யாருக்குக் கடிதம் எழுதுவது என்று தெரியாமல் நின்றவர். “பிரச்சினை தீர்க்கப்படும்” என்று ஒரு வேட்பாளர் சொன்னால் தோட்டத்தில் அதற்கு ஒரு பொருளும் இல்லை. யார் நிலம், யார் பைப், யார் செலவு என்று பிரித்துச் சொன்னால்தான் அது வாக்குறுதி. அந்தப் பெண் கேட்டது அதைத்தான். வேட்பாளரும் அன்று பிரித்துத்தான் பதில் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னார்.

அதை நான் எழுதவில்லை. காருக்குள் உட்கார்ந்து கைப்பேசியில் கால் மணி நேரத்தில் செய்தியைத் தட்டி அனுப்பினேன். அதற்குள் வேட்பாளரின் ஆட்கள் வாட்ஸ்அப்பில் படங்களையும், தயார் செய்த பத்திரிகைச் செய்தியையும் அனுப்பிவிட்டிருந்தார்கள். கிளைத் தலைவர்களின் பெயர்களில் எழுத்துப் பிழை வரக்கூடாது என்று அதிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன். போத்தலைத் தூக்கிப் பிடித்த படமும் என் கேமராவில் இருந்தது. வேட்பாளர் முகம் அதில் நிழலடித்திருந்ததால் மாலை போட்ட படத்தை அனுப்பினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. ஆசிரியர் குழு என் செய்தியில் ஒரு வரியைக்கூட வெட்டவும் இல்லை. வெட்டிவிடுவார்கள் என்று டீச்சரிடம் சொன்ன நான், வெட்டுவதற்கு எதையும் அனுப்பவில்லை. “அடிப்படைப் பிரச்சினைகள்” என்று எழுதும்போது என் கை ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை. அந்த இரண்டு சொல்லுக்குள் நாலு மணிக்கு எழுந்து டிரம்மில் தண்ணீர் பிடிப்பதும், வெள்ளைப் பள்ளிச் சட்டை மூன்று மாதத்தில் மஞ்சளாவதும், மூன்று ஆபீசுக்கும் நடப்பதும் எல்லாம் அடங்கிவிட்டதாக நானே நம்பினேன்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 19-ஆம் தேதி இரவு எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 24-ஆம் தேதி அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்கும் வரை பேப்பர் முழுக்க அரண்மனையும் ஆதரவுக் கடிதங்களும்தான். எங்கள் தொகுதி முடிவுக்கு ஒரு பெட்டிச் செய்தி. கோயிலுக்கு வந்த வேட்பாளர் ஜெயித்தார். டீச்சர் வைப்புத்தொகையை இழந்தார் என்று கடைசி வரி. அதையும் நான்தான் எழுதினேன்.

பெரியவர் வந்துபோன அன்று இரவு டீச்சருக்கு ஃபோன் போட்டேன். இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். நடந்ததைச் சொல்லி, அன்று நீங்கள் சொன்னது சரி டீச்சர் என்றேன். அதைப் பிடித்துக்கொண்டு அவர் எதுவும் பேசவில்லை. “உங்க நோட்டு இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். சுருள் கம்பி போட்ட சின்ன நோட்டு, அட்டை பிய்ந்திருக்கிறது, எழுத்து தெரிகிறது. “அப்ப எழுதுங்க. அந்த அண்ணன் கையில குடுங்க.”

மறுநாள் நோட்டோடு தோட்டத்துக்குப் போனேன். பெரியவர் வாசலில் உட்கார்ந்து நான் படிக்கப் படிக்கக் கேட்டார். இரண்டு இடத்தில் திருத்தினார். வேட்பாளரின் பெயரைக் கடிதத்தில் சேர்த்துக்கொண்டார், ஆனால் நான் இங்கே எழுதுவதில் அது வேண்டாம் என்றார். பெயர் வந்தால் கட்சிச் சண்டையாகிவிடும், பைப் வராது என்பது அவர் கணக்கு. இந்தக் கட்டுரையை அச்செடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார், ஃபைலில் வைக்க. அவர் தேடி வந்த பகுதி இதுதான்.

2022 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை மணிக்கு மேல், தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால். ஏறக்குறைய எண்பது பேர் இருந்தார்கள். லயத்தில் குடியிருக்கும் பெண் ஒருவர் குழாய்த் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து காட்டி, உள்பைப்பை யார் மாற்றுவது என்று கேட்டார். வேட்பாளர் சொன்ன பதில்: “ஜெயித்த ஆறு மாதத்துக்குள் கம்பெனியையும் தண்ணீர் இலாகாவையும் மாவட்ட அலுவலகத்தில் ஒரே மேசையில் உட்கார வைப்பேன். 42 வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் வர வேண்டும். உள்பைப்புக்கு ஆகும் செலவில் பாதியை என் ஒதுக்கீட்டிலிருந்து தருகிறேன், பாதியைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கித் தருகிறேன்.” பெரியவர் அப்போது, “எழுத்துல தருவீங்களா?” என்று கேட்டார். “இத்தனை பேர் முன்னாடி சொல்றேனே, நிருபரும் நிக்கிறாரு” என்று வேட்பாளர் என்னைக் கை காட்டினார். நான் ஒலிபெருக்கிக்கு வலது பக்கம், ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தேன். இவை என் காதால் கேட்டு அங்கேயே எழுதிக்கொண்ட வார்த்தைகள். 42 வீடுகளில் இப்போது 31-ல் ஆட்கள் இருக்கிறார்கள்.